அப்பாவின் தோளில் இருந்த கை

என்னுடைய வாய்தான் எனக்குச் சத்துரு. பள்ளிக்கூடக் கன்தீனில் என்னோடு தட்டுக் கழுவுகிற மெக்சிக்கோக்காரி தன் ஊர்ப் பெருநாளைப் பற்றிச் சொல்லிக் கவலைப்பட்டபோது, தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் நின்றிருக்கலாம். அவள் இருப்பது ஆறாம் மாடியில், கட்டிலை மடித்தால்தான் கதவு திறக்கிற ஒரு அறை. அதற்குள் மேசை போட்டு, பூ வைத்து, கடதாசி வெட்டி, நாலு பேரைக் கூப்பிட்டு எப்படிக் கொண்டாடுவது? எங்கள் வீட்டில் செய்வோம் என்று சொல்லிவிட்டேன். அது என்ன பெருநாள் என்று முழுதாகக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

நவம்பர் முதலாம், இரண்டாம் தேதிகளில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். அவர்களுக்கு ஒரு மேசை சோடித்து வைக்க வேண்டும். மெல்லிய கலர்க் கடதாசியைப் பூ வேலைப்பாடாக வெட்டித் தொங்கவிட வேண்டும். செம்மஞ்சள் பூ வேண்டும், மெழுகுதிரி வேண்டும், சீனியில் செய்த மண்டையோடுகளுக்குக் கலர் பூச வேண்டும். நடுவில் செத்தவர்களின் படங்கள், அவர்களுக்கு விருப்பமான சாப்பாடு. எல்லாவற்றையும் வந்தவர்கள் கூடி இருந்து பின்னேரம் முழுக்கக் கையால் செய்ய வேண்டும், கடையில் வாங்கி வைத்தால் மரியாதை இல்லை என்றாள். கலியாண வீட்டுக்குக் கூப்பிடுகிறவள் மாதிரிச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

சோடிப்பது என்றால் எனக்குக் கை சும்மா இராது. பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில், பெட்டைகள் பெரியபிள்ளையாகிற எத்தனையோ சாமத்தியவீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் நான் மேடை சோடித்துக் கொடுத்திருக்கிறேன். மிஞ்சின ரிஷ்யூக் கடதாசியும் நூல்கண்டும் மினுங்கல் தூளும் கட்டிலுக்குக் கீழே நாலு பெட்டிகளில் கிடந்தன. இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிற சாமான் ஒரு நாளைக்காவது உதவட்டும் என்று நினைத்தேன். செத்தவர்களைப் பற்றி நான் அப்போது யோசிக்கவே இல்லை. என் மனுசன்தான் யோசித்தார்.

"செத்தவீட்டை வெத்திலை வைச்சு வீட்டுக்குள்ளை கூப்பிடுறாய். நான் இதுக்கு இல்லை," என்று சொல்லிவிட்டு, பெருநாளன்று காலையிலேயே வில்லியே லே பெல்லில் இருக்கிற சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் அப்போது நாலு பேர். நான், மனுசன், பன்னிரண்டு வயது மகள், பிறகு அண்ணி. அண்ணி என்றால் என் ஒரே அண்ணையின் மனைவி. 2009 மே மாதம், வன்னியில் யுத்தம் முடிகிற கடைசி நாட்களில் அண்ணை காணாமல் போனார். ஆம்பிளைகளைத் தனியாக நிற்கச் சொன்ன இடத்தில் போய் நின்றதையும், பிறகு ஒரு பஸ்ஸில் ஏறினதையும் அண்ணி தன் கண்ணால் கண்டிருக்கிறார். ஏறும்போது அண்ணை திரும்பிப் பார்த்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாராம், அண்ணி கிட்டப் போய்க் கை நீட்டி அதை வேண்டவில்லையாம். அதோடு சரி. இரண்டு வருடம் கழித்து அண்ணி எப்படியோ பாரிசுக்கு வந்து சேர்ந்து எங்களோடு இருந்தார். அண்ணை போய் ஐந்து வருடம் கழிந்த பிறகும் நெற்றியில் குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலி. விசா கொடுக்கிற கந்தோரான பிறிபெக்தூரில் பத்திரம் நிரப்பும்போது 'திருமணமானவர்' என்ற பெட்டிக்குள் தானே புள்ளடி போடுவார், பேனாவை என்னிடம் தரமாட்டார்.

அதனால் எங்கள் வீட்டில் அண்ணைக்குத் திவசம் இல்லை, விளக்கு இல்லை. சுவரில் அவருடைய படமும் இல்லை. சுவரில் தனியாக ஒரு படம் மாட்டினாலே வருகிற ஆட்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். மாலையும் போட்டால் முடிந்தது கதை. எங்கள் சனத்துக்கு ஒருவர் செத்தார் என்று சொல்ல மரண அத்தாட்சிப் பத்திரம் தேவையில்லை, படத்துக்குப் போடுகிற மாலை போதும். உயிரோடு இருக்கிறவரின் படத்துக்குத் தெரியாமல் பூ வைத்துவிட்டாலும் பதறிப்போய் எடுத்து, அவருக்கு ஆயுள் நீளட்டும் என்று கும்பிடுகிற ஆட்கள் நாங்கள்.

வருகிற எல்லோரும் தங்களுடைய செத்தவரின் படம் ஒன்று கொண்டுவர வேண்டும் என்று மெக்சிக்கோக்காரி சொல்லியிருந்தாள். என்னிடம் இருந்தது அப்பா. அப்பா செத்துப் பதினெட்டு வருடம். ஆனால் அப்பாவின் படம் என்று எங்களிடம் மிஞ்சினது ஒன்றே ஒன்று. யாழ்ப்பாணத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. அப்பா கதிரையில் இருக்கிறார், அண்ணை பக்கத்தில் நின்று அப்பாவின் தோளில் கை போட்டிருக்கிறார்.

லா சப்பலில் கலியாண அல்பம் செய்கிற கடையில் கொடுத்தால் அரை மணித்தியாலத்தில் அண்ணையை அழித்துவிட்டு, அப்பாவுக்குப் பின்னால் நீல வானத்தை வைத்துத் தருவார்கள். எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கடை வாசல்வரை நானும் போனேன். 'இவரை அழித்துத் தாருங்கோ' என்று அந்தப் பெடியனிடம் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

முதல்நாள் பின்னேரம் அண்ணி அந்தப் படத்தை என் கையில் கண்டார்.

"எந்தப் படத்தை வைக்கப் போறீர்?"

"அப்பான்ரைதான் அண்ணி. வேறை ஆற்றை இருக்கு?"

"அதிலை இவரும் நிக்கிறார்."

"மடிச்சு வைக்கிறன். அண்ணை தெரியமாட்டார்."

அண்ணி படத்தை வேண்டி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "வடிவா மடியும்," என்றார். "செத்தாக்களோடை இவரின்ரை ஒரு துண்டும் தெரியக்கூடாது. சொல்லிப்போட்டன்."

மடித்தேன். அண்ணையின் முகம், நெஞ்சு, கால் எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. கை போகவில்லை. அப்பாவின் தோளில் நாலு விரலும் மணிக்கட்டும் அப்படியே இருந்தன. கத்தரிக்கோல் மேசையில்தான் கிடந்தது. அண்ணையின் கையை வெட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. மடிப்பின் பின்பக்கத்தைச் செலோரேப்பால் ஒட்டினேன். நாளைக்குப் பூமாலை போட்டால் கை மறைந்துவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் துசான் விடுமுறை. பிரெஞ்சுக்காரர் எல்லோரும் செவ்வந்தித் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு கல்லறைகளுக்குப் போகிற நாள். (நான் வந்த புதிதில், வடிவாக இருக்கிறதே என்று அப்படி ஒரு தொட்டியை வேண்டிக் கீழ்வீட்டு மதாமின் பிறந்தநாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அந்த மனுசி என்னோடு ஒரு மாதம் கதைக்காமல் விட்டது வேறு கதை.) மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளி ஒரு கிழமைகூட ஆகவில்லை. மத்தியானம் சாப்பிட்ட கை காயமுன் பொழுதுபட்டுவிடுகிற காலம் அது.

இரண்டு மணிக்கு மெக்சிக்கோக்காரி வந்தாள். பக்கத்து வீட்டுப் பாண்டிச்சேரி மதாமும் வந்தார். கத்தோலிக்கர், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வெடுத்தவர், கணவரின் படத்தை வெள்ளைத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். என் மகளும் அவளுடைய பள்ளிக்கூடச் சிநேகிதிகள் இரண்டு பேரும் தரையில் சம்மாணம் கொட்டி இருந்தார்கள். ஆளுக்கு ஒரு கத்தரிக்கோல். கடதாசியை எட்டாக மடித்து, ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி விரித்தால், பூவும் புறாவும் பல் இளிக்கிற எலும்புக்கூடும் வரும். மெக்சிக்கோக்காரி ஒன்று வெட்டுவதற்குள் நான் மூன்று வெட்டினேன். அவள் என் கையைப் பார்த்து, நீ எந்த ஊரில் படித்தாய் என்று கேட்டாள். சாமத்தியவீட்டில் படித்தேன் என்பதை எப்படிப் பிரெஞ்சில் சொல்வதென்று தெரியாமல் சிரித்தேன்.

உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு மணித்தியாலமும் எனக்குப் பெரிய சந்தோசம். கோர்க்கக் கோர்க்க விரல் மஞ்சளாகிற அளவுக்கு லா சப்பல் பூக்கடையில் பூ வேண்டியிருந்தேன். மாலை கட்டினேன். பிள்ளைகள் மண்டையோடுகளுக்குப் பச்சையும் ஊதாவும் பூசினார்கள். என் மகள் தான் பூசின மண்டையோட்டின் நெற்றியில் சிவப்பால் வட்டமாக ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

"என்னம்மா இது, மண்டை ஓட்டுக்குப் பொட்டு வச்சிருக்கா உன் பொண்ணு! நல்லாதான் இருக்கு போ," என்று பாண்டிச்சேரி மதாம் வாய்விட்டுச் சிரித்தார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதை வேண்டி மற்ற மண்டையோடுகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அது திரும்பவும் முன்னுக்கு நின்றது. பிள்ளைகள்தான் எடுத்து வைத்திருப்பார்கள். கேட்கவில்லை.

நாலரைக்கு மேசை தயார். மூன்று தட்டாகப் பெட்டிகளை அடுக்கி, மேலே என் கூறைச் சேலைக்குச் சட்டை தைத்து மிஞ்சின சிவப்புத் துணி விரித்திருந்தேன். மேல்தட்டில் மதாமின் கணவர், மெக்சிக்கோக்காரியின் தாய், நடுவில் அப்பா. அப்பாவுக்கு மாலை போட்டு, பூவை இழுத்து அந்தக் கையை மறைத்தேன். மெழுகுதிரிகளைக் கொளுத்திவிட்டு மெக்சிக்கோக்காரி மிச்சப் பூக்களின் இதழைப் பிய்த்து வாசல் கதவிலிருந்து மேசைவரை கோடாகத் தூவினாள். வருகிறவர்கள் வழி தப்பாமல் வருவதற்காம். தூவி முடிந்ததும் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு விளக்கை அணைத்தாள். ஹோல் முழுவதும் மெழுகுதிரி வெளிச்சம் மட்டும்.

எங்கள் வீடு மூன்றாம் மாடி. யன்னலுக்கு நேரே மேம்பாலத்தில் மெத்ரோ ஓடும். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் பாத்திரம், கண்ணாடி, கட்டில் எல்லாம் மெல்லிசாக நடுங்கும். பதினைந்து வருடம் இருந்ததில் அந்த நடுக்கம் எங்களுக்கு உறைப்பதே இல்லை. அன்றைக்கு உறைத்தது. மெத்ரோ போய் முடிந்த பிறகும் மெழுகுதிரிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. யன்னல் பூட்டித்தான் இருந்தது, போய்த் தொட்டுப் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது மெக்சிக்கோக்காரி அப்பாவின் படத்துக்குக் கிட்ட குனிந்து நின்றாள். மாலை கீழே சறுக்கியிருந்தது.

"இது யாருடைய கை?" என்று கேட்டாள்.

அப்பாவின் தோளில், சொந்தக்காரன் இல்லாத ஒரு கை. அவ்வளவு நாளும் நான் அதை அண்ணையின் கை என்று தெரிந்துகொண்டு பார்த்தவள். அவள் கேட்டதன் பிறகு, தெரியாத ஒருவர் பின்னால் நின்று அப்பாவைப் பிடித்துக்கொண்டிருப்பதாகவே தெரிந்தது. என்னுடைய சகோதரனின் கை என்றேன். அவரும் இறந்துவிட்டாரா என்றாள். ஓம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. தெரியாது என்றேன். 2009 என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. தன் ஊரிலும் அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள், அவர்களின் படத்தை மேசையில் வைக்கிறதா விடுகிறதா என்று ஒரே வீட்டுக்குள்ளேயே சண்டை வந்து முகம் பார்க்காமல் போனவர்களும் இருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னாள்.

அப்போதுதான் கதவில் திறப்புப் போடுகிற சத்தம் கேட்டது. அண்ணி சாப்பாட்டுக்கடையில் மத்தியான வேலை முடித்துவிட்டு வருகிற நேரம். நான் மாலையை ஏற்றி விடுவதற்குள் கதவு திறந்துவிட்டது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இருட்டுக்குள் கண் தெரியாமல், வெறுங்காலோடு அந்தப் பூவிதழ்களின் மேல் நடந்து அண்ணி மேசைவரை வந்தார். செத்தவர்களுக்கென்று போட்ட பாதையில் முதலில் நடந்தது அவர்தான். மெக்சிக்கோக்காரி வாயில் கையை வைத்தாள்.

இன்னொரு மெத்ரோ போனது. என் கண்ணுக்கு முன்னால் செலோரேப் 'ப்பட்' என்று விட்டது. மெழுகுதிரிச் சூட்டில் இளகியிருக்கும், வேறென்ன. மடித்த படம் கதவு திறப்பதுபோல் மெல்ல மெல்லத் திறந்து, அண்ணை முழுசாக வந்து நின்றார். மாலை இரண்டு பேரின் நெஞ்சிலும் சேர்ந்து கிடந்தது.

பாய்ந்து படத்தைப் பிடிக்கப் போனேன்.

"தொடாதேயும்," என்றார் அண்ணி.

அவருடைய குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அண்ணி மேசையையும் பூவையும் மண்டையோடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிவப்புப் பொட்டு வைத்த மண்டையோட்டைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார். பிறகு என் மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இவவிட்டைக் கேள். வந்தவை எண்டு எப்பிடித் தெரியும்?"

மகள் பிரெஞ்சில் கேட்டாள். மெக்சிக்கோக்காரி என்னைப் பார்த்தாள், நான் வேறு பக்கம் பார்த்தேன். கடைசியில் சொன்னாள். மகள் அதை அப்படியே தமிழில் சொன்னாள். வந்தவர்கள் சாப்பாட்டைத் தொடமாட்டார்கள். வாசத்தையும் ருசியையும் மட்டும் எடுத்துக்கொண்டு நாளை மத்தியானம் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்தச் சாப்பாட்டை வாயில் வைத்தால் சக்கைதான்.

"ஓம்," என்று அண்ணி தலையாட்டினார். சேலை உடுத்தியிருந்தால் தலைப்பை இடுப்பில் செருகியிருப்பார். ஜீன்ஸோடு வந்தவர், சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு குசினிக்குள் போனார்.

அண்ணைக்குக் கணவாய்க் கறி என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வேண்டின கணவாய் குளிர்ப்பெட்டியில் இருந்தது. அண்ணி அதைக் கழுவி வெட்டினார், நான் பக்கத்தில் நின்று கூடமாட உதவினேன். அண்ணி சமைத்தால் கட்டடம் முழுக்க மணக்கும், அவர் வேலை செய்கிற கடையில் கறியைக் கேட்டு ஒபர்வில்லியே, பொண்டி என்ற புறநகர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். கறி வற்றிக் கறுத்ததும், அவித்த பிட்டோடு ஒரு தட்டில் போட்டுக் கொண்டுபோய் அண்ணைக்கு முன்னால் வைத்தார். குனிந்து, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"இருக்கிறியளெண்டால் கோவிக்காதேங்கோ. இல்லையெண்டால் சாப்பிடுங்கோ."

பாண்டிச்சேரி மதாம் சிலுவை போட்டுக்கொண்டார். அண்ணி கையைக் கழுவி, முகத்தைத் துடைத்து, பொட்டைச் சரிபார்த்துக்கொண்டு பின்னேர வேலைக்குப் போய்விட்டார். கொண்டாட்டம் அதோடு முடிந்தது. பிள்ளைகளைத் தாய்மார் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். மெக்சிக்கோக்காரி என்னைக் கட்டிப்பிடித்து, மன்னித்துக்கொள் என்றாள். நீ என்ன செய்தாய், என் வாயும் என் செலோரேப்பும் செய்த வேலை என்றேன்.

என் மனுசன் வந்து கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சி, "என்ன, கணவாயோ?" என்று ஆவலாகக் கேட்டார். அதிலே கை வைக்க முடியாது என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். மனுசன் பாணுக்கு ஜாம் பூசிச் சாப்பிட்டார். என்னைக் குத்திக்காட்ட அவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திராது, அவர் அதைப் பாவிக்கவில்லை.

காலையில் நான் ஹோலுக்கு வந்தபோது ஏதோ குறைந்ததுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் கணவாய் சமைத்தால் திரைச்சீலையிலும் குளிர்ச்சட்டையிலும் மூன்று நாளைக்கு மணம் நிற்கும், மகள் அந்தச் சட்டையோடு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சண்டை பிடிப்பாள். அன்றைக்கு ஒரு மணமும் இல்லை. திரைச்சீலையை முகர்ந்தேன். புதிதாகக் கடையில் வேண்டின துணி மாதிரி இருந்தது. தட்டில் பிட்டும் கறியும் வைத்தபடி இருந்தன. நாங்கள் தூங்கின நேரத்தில் மனுசன் யன்னலைத் திறந்து விட்டிருப்பார் என்று நினைத்துக் கேட்டேன். தான் திறக்கவில்லை என்றார்.

அன்றைக்கு அண்ணிக்கு லீவு. காலையிலிருந்து ஹோலுக்குள் வராமல் உடுப்பு மடித்துக்கொண்டும், மடித்ததை மீண்டும் மடித்துக்கொண்டும் இருந்தார். நான் சும்மா இருக்க முடியாமல் குசினியைத் துடைத்தேன். பன்னிரண்டு அடித்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஹோலுக்குள் வந்தோம். அண்ணி தட்டை எடுத்தார், கதிரையில் இருந்தார், மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னாலை ஏலாது," என்றார். "நீர் சாப்பிட்டுப் பாரும். பாத்திட்டுச் சொல்லும்."

பிட்டையும் கறியையும் சேர்த்து ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தேன்.

ஒன்றும் இல்லை. பிட்டு மணல்போல் வாயில் உதிர்ந்தது, கணவாய் பல்லில் கடிபட்டது, அவ்வளவுதான். மென்றேன், திரும்பவும் மென்றேன். நாக்கு செத்துப்போனதோ என்று பயந்தேன். பிறகு எனக்குள் முதலில் வந்தது பயமும் இல்லை, அழுகையும் இல்லை. சந்தோசம். அண்ணை வந்திருக்கிறார். இவ்வளவு தூரம், மூன்று மாடி ஏறி, கணவாய்க் கறி சாப்பிட வந்திருக்கிறார். அந்தச் சந்தோசம் தொண்டையைத் தாண்டி இறங்குவதற்குள், அதன் அர்த்தம் என்ன என்று விளங்கிவிட்டது. எதிரில் அண்ணியின் நெற்றியில் பொட்டு இருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு அண்ணி," என்றேன். "உப்பு, உறைப்பு எல்லாம் கணக்கா இருக்கு."

"உப்புக் கணக்கா இருக்கோ?"

"ஓம்."

அண்ணி தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் உப்புப் போடேல்லை," என்றார்.

யன்னலுக்கு வெளியே மெத்ரோ வந்து, நின்று, போனது.

"உப்புப் போட்டிருந்தால் எனக்கு விளங்கிப்போயிருக்கும். எனக்கு விளங்கக்கூடாது எண்டுதான் போடாமல் விட்டனான். ருசியில்லை எண்டு நீர் சொல்லியிருந்தால், உப்பில்லை, அதாலைதான் எண்டு நான் பாட்டிலை இருந்திருப்பன். நீர் ஏன் பொய் சொன்னீர்?"

தட்டை வேண்டக் கை நீட்டினேன், அவர் தரவில்லை.

"ருசியில்லாததை மறைச்சனீரெண்டால், அப்ப இவ்வளவு வருசமும் அவர் இல்லையெண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறீர். என்னட்டைச் சொல்லேல்லை. நான் பொட்டு வைக்கேக்கை எல்லாம் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறீர்."

"அண்ணி…"

"கோவம் இல்லை. நீர் தங்கச்சி, நீர் அப்பிடி நினைக்கலாம். ஆனால் அவர் செத்திட்டார் எண்டு நினைக்கிற வீட்டிலை நான் எப்பிடி அவரின்ரை பெண்சாதியா இருக்கிறது?"

படத்திலிருந்து மாலையை எடுத்து மேசையில் வைத்தார். படத்தை மடிக்காமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்துத் தன் அறைக்குக் கொண்டுபோனார். அடுத்த மாதமே ஒபர்வில்லியேயில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அழுதேன், சண்டை பிடித்தேன், மனுசனை விட்டுக் கெஞ்சப் பண்ணினேன். ஒன்றும் நடக்கவில்லை. இப்போதும் நல்லநாள் பெருநாளுக்கு வருவார், மகளுக்கு உடுப்பு வேண்டித் தருவார், என்னோடு சிரித்துக் கதைப்பார். பொட்டு இருக்கிறது. என் வீட்டில் மட்டும் சாப்பிடமாட்டார், தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்.

என் பொய்யைப் பற்றி அவர் நினைப்பது சரி. உப்பைப் பற்றி அவர் நினைப்பதும் சரி, அவர் போடவில்லை. ஆனால் அன்றைக்குக் குசினியில் அவர் கணவாய் வெட்டிக்கொண்டிருந்தபோது, சட்டியில் மூன்று கரண்டி மிளகாய்த்தூள் போட்டது நான். புளி கரைத்து விட்டதும் நான். என் வாயில் அந்த உறைப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. அதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.